மகள் தந்த கட்டாய விடுப்பு

மூட்டையின் மேல்பகுதியை நான் நம்புவதில்லை. இது தத்துவம் இல்லை, சம்பளத்துக்குச் செய்கிற வேலை. கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில், சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக் கொழுந்தை வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பவன் நான். மூட்டையின் வாயை அவிழ்த்தால் மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். முழங்கை வரை கையை நுழைத்தால்தான் மற்ற உறவினர்கள் தட்டுப்படுவார்கள்: முற்றிய இலை, தண்டு, ஈரச் சாக்கு, எப்போதாவது ஒரு கல். ஒருமுறை முழுப் பூசணிக்காய் ஒன்று கிடைத்தது. அது எப்படி உள்ளே போயிருக்கும் என்று, கொண்டுவந்த அம்மாளும் என்னோடு சேர்ந்து நின்று வியந்தார்.

இருபத்தாறு வருடம் இப்படித் துழாவியதில் என் வலது கைக்குத் தனியாக ஒரு குணம் வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்தால் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகும். அங்கே யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும். நடுவில் இரண்டு இடத்தில் துழாவும். கல் ஏதும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் முதல் அத்தியாயத்துக்கு வரும். இதை ஒரு குறை என்று நான் நினைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தொன்று வரை நான் படித்ததெல்லாம் இளையோர் நாவல்கள்தான். ஆங்கிலத்தில் வருகிற தடித் தடி நாவல்கள். அட்டையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எரிகிற நகரத்தைப் பார்த்து நிற்பாள். உள்ளே பதினாறு வயதில் அரசாங்கத்தைக் கவிழ்ப்பாள். இடையில் இரண்டு பையன்களில் எவன் நல்லவன் என்று முந்நூறு பக்கம் குழம்புவாள். அதற்கு முன் நான் அப்படி இல்லை. வாலிபத்தில் கனமான புத்தகங்களைப் படித்தவன். படித்ததை நாலு பேருக்குத் தெரியப்படுத்தியும் வந்தவன்.

இதில் விழுந்தது மகளால். பதினைந்து வயதில் அவள் வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "ம்", "சாப்டாச்சு", "தெரியலை" ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினாள். மிச்ச நேரமெல்லாம் இந்தப் புத்தகங்கள். பேசாத பெண் எதைப் படிக்கிறாள் என்று ஒரு தகப்பன் சந்தேகப்படக்கூடாதா? அவள் பள்ளிக்கூடம் போனபிறகு ஒன்றை எடுத்து, வழக்கம்போல அடியில் கையை விட்டேன். விட்ட இடத்தில் ஒரு பென்சில் கோடு. தகப்பன்கள் கேட்பதற்காகக் கேள்வி கேட்பதில்லை, கண்டுபிடிப்பதற்காகவே கேட்கிறார்கள் என்று அந்தக் கதாநாயகி நினைக்கிற இடம். பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வேறு.

அன்றிலிருந்து நான் அவளிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் கோடுகளைப் படிக்க ஆரம்பித்தேன். தனிமையைப் பற்றிக் கோடு இருந்தால் அந்த வாரம் குன்னூருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அம்மாவைப் பற்றிக் கோடு இருந்தால் அடுப்படிப் பக்கம் போய் மனைவியிடம் குரலைக் கொஞ்சம் தணிக்கச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன். நல்ல உளவாளிகள் சொல்வதில்லை.

நடந்த விபத்து என்னவென்றால், எனக்குப் புத்தகங்கள் பிடித்துப்போயின. தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். எரியும் நகரம் வெளியே தெரியாமல் இருக்கக் காக்கி அட்டை போட்டேன். லீவு கேட்க வந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, இது அந்த மாதிரிப் புத்தகம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது எனக்குக் கௌரவமாகப்பட்டது.

மகள் கோயமுத்தூரில் கல்லூரி சேர்ந்து விடுதிக்குப் போனதும் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. அவள் படித்து முடித்த புத்தகங்களை மாதம் ஒருமுறை, சனிக்கிழமை, கோத்தகிரி வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். பஸ் நம்பர் எனக்குப் போனில் வரும். நான் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம், யார் துரோகி, யார் செத்தது பொய், அடுத்த பாகத்தில் யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்று பேசுவோம். அவள் என்னோடு பேசுகிற ஒரே நேரம் அதுதான். வாரத்தின் மற்ற ஆறு நாளும் பழைய மூன்று வார்த்தைகள்தான், அதுவும் எழுத்தில்.

சென்ற ஜூனில், மழை பிடித்த ஒரு ஞாயிறு, அவள் சொன்னாள்:

"அப்பா, நீங்க கொஞ்ச நாளைக்கு இந்த புக்கெல்லாம் நிறுத்துங்க."

"ஏன் சாமி?"

"சும்மாதானுங்கப்பா. வேற வேற படிங்க. பெரியவங்க படிக்கறது, சரித்திரம், சயின்ஸு, எதாச்சும். ஒரு ஆறு மாசம்."

"பார்சல்?"

"பார்சல் வேண்டாங்க."

என் தொழிலில் ஒருவர் "சும்மா" என்றால் அந்த மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்துவிடுவோம். போனில் கொட்டிப் பார்க்க முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க மூன்று வயதுக்காரர்களுக்குக் காரணம் சொல்லிப் பழகியவள்.

"புள்ளைக்கு வெக்கமா இருக்குமுங்க" என்றாள் கீரையிலிருந்து நிமிராமல். "கூடப் படிக்கறவளுக அப்பனெல்லாம் பேப்பர் படிப்பாங்க. இவ அப்பன் மட்டும் பதினாறு வயசுப் புள்ளையாட்டம் அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா?"

"நான் அழுததில்லை."

"போன மாசம் அந்த நாய் செத்ததுக்கு?"

அது நாய் இல்லை, ஓநாய். ஆனால் விவாதத்துக்கு அது உதவியிருக்காது.

மகள் சொன்னதைத் தட்ட முடியாது என்பதால் நூலகத்துக்குப் போனேன். அங்கே எனக்குப் பழைய கணக்கு உண்டு. மாதம் ஒரு பார்சல் போதாமல் அங்குள்ள இளையோர் அலமாரியையும் நடுநடுவே காலி செய்துகொண்டிருந்தேன், மகளுக்கு என்று சொல்லி. அன்று பெரியவர்கள் பக்கத்திலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துப்போய் மேஜையில் வைத்ததும் நூலகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பொண்ணுக்குங்களா?"

"இல்லீங்க, எனக்கு."

"பொண்ணு கோயமுத்தூர் போயி மூணு வருசமாச்சுல்லீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இந்த மூணு வருசமா நீங்க எடுத்துட்டுப் போனதெல்லாம்?"

"தபால்ல அனுப்புனேனுங்க."

அவர் முத்திரை குத்தினார். அந்தக் குத்தலில் எல்லாம் இருந்தது.

முதல் புத்தகம் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. முதல் தலைமுறைக் கிழவர் சாவதற்கே நூற்றுச் சொச்சம் பக்கம் எடுத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் யாரோ ஜன்னலைச் சாத்துகிறார்கள். அவ்வளவுதான். எந்த அரசாங்கம் கவிழ்ந்தது? ஜன்னலை யார் திறந்துவைத்தது? நடுவில் துழாவினேன், அங்கும் அதே நிதானம், அதே தரம். மேலும் அடியும் ஒரே மாதிரி இருக்கிற மூட்டையை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்பதால் சந்தேகம் கூடியது. இரண்டாவது புத்தகத்தில் ஒரு குமாஸ்தா, பத்தாம் பக்கத்திலேயே தன் வாழ்க்கையில் தப்புச் செய்துவிட்டோம் என்று உணர்கிறார். உணர்ந்து, மீதி நானூறு பக்கமும் அதே பஸ்ஸில் அதே வேலைக்குப் போகிறார். இதற்கு நான் நூலகம் வரை நடந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் தேமல் மாதிரி ஒட்டிக்கிடக்கிறதே, அதைப் பற்றி ஒருவர் முழுப் புத்தகம் எழுதியிருந்தார். பாசி என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் பாசி இல்லையாம். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனமாம். ஒன்று சமைக்கிறது, இன்னொன்று வீடு கட்டிக்கொடுக்கிறது. யார் யாரைச் சுரண்டுகிறார்கள் என்பதில் அறிஞர்களுக்கே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரு வாரம் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் அருகே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஐயா மரத்தோடு பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வாரம் மூட்டைகளில் கல் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போயிருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் கெட்டுப்போயின. பத்து மணிக்குப் போன் வரும். நான் பாசியைப் பற்றிச் சொல்வேன். "ஓ", "அப்புடிங்களா", "நல்லாருக்குதுங்க." ஆறு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். மனைவி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் ஜன்னல் பக்கம் போனால் சத்தம் நின்றுவிடும்.

மகள் புத்தகங்களை ஏன் மறைக்கிறாள்? இந்தக் கேள்வியோடு அவள் அலமாரியைத் திறந்து, ஆறு வருடக் கோடுகளையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். முதலில் என்றால் என் வழக்கப்படி கடைசியிலிருந்து. ஒரு விஷயம் உடனே தட்டுப்பட்டது. கடைசியாக வந்த நாலைந்து புத்தகங்களில் கோடெல்லாம் ஓடிப்போவது பற்றியே இருந்தது. கப்பல் ஏறுவது, யாருக்கும் சொல்லாமல் பெட்டி கட்டுவது, நம்மைக் கண்காணிப்பவர்களை ஏமாற்றுவது எப்படி. ஒரு புத்தகத்தில் தழும்பு முகத்துப் பையன் ஒருவன் வருகிற இடமெல்லாம் இரட்டைக் கோடு. ஓரத்தில் எழுதியிருந்த கையெழுத்துகூட வர வர மாறிக்கொண்டே வந்திருந்தது. அதை நான் ஏற்கெனவே கவனித்து, வளர்கிற வயதின் மனக்குழப்பம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பயம் வந்தது. இந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறாள். எங்கே, யாரோடு என்பதெல்லாம் எனக்கு அனுப்பாத புத்தகங்களில் இருக்கிறது.

கேட்டிருக்கலாம். போனை எடுத்து, "ஏதாச்சும் பிரச்சினையா சாமி?" என்று கேட்க அரை நிமிடம் போதும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

வழக்கமாகப் பார்சல் கொண்டுவருகிற கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பார்சல் ஒண்ணும் வர்றதில்லீங்களே இப்ப?" என்றேன், பேச்சோடு பேச்சாக.

"வராம என்னங்ணா? மாசாமாசம் வந்துட்டுத்தான இருக்குது."

"எனக்கு வரலையே."

அவர் டீ கிளாஸைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "வாங்கறவங்க வாங்கிட்டுத்தானுங்ணா இருக்காங்க. யாருன்னு சொல்ல வேண்டாம்னு அவங்க சொல்லிருக்காங்க. வர்ற சனிக்கெழமை கூட ஒண்ணு வருது. நானா ஒண்ணும் சொல்லலீங்ணா, பார்த்துக்கங்க."

ஆக, ஆள் கோயமுத்தூரில் இல்லை, கோத்தகிரியிலேயே இருக்கிறான். தழும்பு முகமாகக்கூட இருக்கலாம். சனிக்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போகக் காத்திருந்த காரட் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தூறல். குரங்குத் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்தேன். மூன்று பேர், "என்னங்க, இன்னிக்கு டூட்டி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பஸ் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். தழும்போடு ஒருவரும் வரவில்லை. ஒரு கறுப்புக் குடை மட்டும் பஸ்ஸின் முன்பக்கம் போய் நின்றது. குடைக்குக் கீழே ஒரு பச்சை ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டுப் போட்ட இடம் எனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவனே நான்தான்.

மனைவி பார்சலை வாங்கி, அங்கேயே பிரித்து, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. நான் காரட்டை விட்டு வெளியே வந்தேன்.

"எத்தனை நேரமாங்க நிக்கறீங்க?" என்றாள். அவள் திடுக்கிடவே இல்லை.

"நீ எதுக்கு இதை வாங்கறே?"

"படிக்கறதுக்கு."

"இங்கிலீஷ்ல?"

"நானும் ப்ளஸ் டூ முடிச்சவதானுங்க. தெரியாத வார்த்தைக்குப் போன்ல பார்த்துக்கறேன். மத்தியானம் கொழந்தைங்க தூங்கறப்ப அங்கன்வாடியில ஒரு மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவள் புத்தகத்தை மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "மூணு வருசமா ஞாயித்துக்கெழமையானா நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறீங்க. செத்தவன் வந்துட்டாங்கறீங்க, வந்தவன் துரோகிங்கறீங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டிருக்கறேன். எவன் செத்தான்னே எனக்குத் தெரியாது. ரெண்டு வருசம் முன்னால நானா ஒரு புக்கை எடுத்து ஒக்காந்தேன். ஞாபகம் இருக்குதுங்களா? இருவதாம் பக்கத்துல இருக்கறப்ப எட்டிப்பார்த்து என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"'இந்த அண்ணங்காரன்தான் கடைசியில காட்டிக்கொடுக்கறான்'னு சொல்லிட்டுப் பல் தேய்க்கப் போயிட்டீங்க."

உதவியாக இருக்கும் என்று சொல்லியிருப்பேன்.

"அதனாலதான் புள்ளை சொன்னா, அம்மா, நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் அப்பாவுக்கு லீவு குடுத்துரலாம். வேற எதையாச்சும் படிக்கட்டும், அதுல யாரு செத்தாலும் நமக்கு நஷ்டமில்லைன்னு."

இருவரும் ஏற்றத்தில் நடந்தோம். குடை ஒன்றுதான். எனக்குப் பாதி நிம்மதி, பாதி இன்னும் ஆறவில்லை. "அது சரி, அந்தக் கோடெல்லாம்? ஓடிப்போறதைப் பத்தியே கோடு போட்டிருக்காளே. கப்பலு, பொட்டி..."

"எந்தக் கோடு?"

"புக்குல. பென்சில்ல."

நடு ரோட்டில் நின்றுவிட்டாள். "அது அவ போட்டதுன்னா நெனச்சீங்க? எல்லாம் பழைய புக்குங்க. கோயமுத்தூர்ல, உக்கடத்துப் பழைய புக்குக் கடையில வாங்கறா. இங்க இருக்கறப்பவும் அப்புடித்தான். யாரு யாரோ போட்ட கோடு." முந்தானையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டைக்கு அடுத்த வெற்றுத் தாளைக் காட்டினாள். ஊதா மசியில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழ் இன்னொரு ஊர், அதையும் அடித்துவிட்டு இன்னொரு பெயர். "மொதப் பக்கத்தைத் தொறந்தா ஒவ்வொண்ணுலயும் இருக்குமே. நீங்க பார்த்ததில்லீங்களா?"

இல்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு முன்பின் தெரியாத பெண்களின் மனக்கவலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து, அதற்கு என் மகள் என்று பெயர் வைத்திருந்தேன். அவர்களில் எவளோ ஒருத்தி தனிமையில் வாடியதற்காக நான் குடும்பத்தோடு குன்னூர் போயிருக்கிறேன். இன்னொருத்திக்கு அவள் அம்மாவைப் பிடிக்காததற்காக, என் மனைவி திட்டு வாங்கியிருக்கிறாள். அதை நான் அந்த ஏற்றத்தில் சொல்லவில்லை. இவள் கையில் குடை இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மனைவியே போனை எடுத்தாள். இந்த முறை கொல்லைப்புறம் போகவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து, போன மாதம் வந்த புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரை நடந்ததைப் பற்றி மகளோடு சண்டை போட்டாள். நான் என் பாசிப் புத்தகத்தோடு உள்ளறையில் இருந்தேன், இருக்கும்படி சொல்லப்பட்டிருந்தேன். கடைசியில் போன் என்னிடம் வந்தது.

"கண்டுபிடிச்சுட்டீங்களாமா" என்றாள் மகள். "காரட் மூட்டைக்குப் பின்னாடி நின்னீங்களாமா." சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சரி, சொல்லுங்கப்பா. பாசி எந்த மட்டுக்கு இருக்குது?"

பேச என்னிடம் துரோகி இல்லை, செத்து எழுந்தவன் இல்லை, கோடும் இல்லை. இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி மறுமுனையில் இருக்கிறாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விடுதி முகவரியும் ரத்த வகையும்தான்.

"நீ எப்புடி இருக்கறே சாமி?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஏனுங்கப்பா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்ல சாமி."

"டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களா? வயித்து வலின்னு நேத்து லீவு போட்டீங்களாமா?"

"அது பொய் வலி. நீ எப்புடி இருக்கறேன்னுதான் கேட்டேன்."

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா உங்ககிட்ட?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை."

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நான் வேறு எதுவும் கேட்காமல் இருந்தேன். அது நிதானத்தால் இல்லை. அடுத்து என்ன கேட்பது என்று நிஜமாகவே தெரியவில்லை. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள். இல்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள் என்றேன். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. கப்பல் இல்லை, பெட்டி இல்லை, தழும்பு முகம் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். அம்மா இதையும் ஒரு நாள் படிப்பாள், அதுவும் முதல் வரியிலிருந்து. அதனால் இந்த இடத்தில் அவளுக்குக் கிடைக்கப்போவது இந்தப் பத்திதான்.

போனை வைத்தபோது மனைவி ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"என்னங்க சொன்னா?"

"பாசியைப் பத்திக் கேட்டா."

"இருவது நிமிசமாவா?"

"அதுல நெறைய வகை இருக்குது" என்றேன்.

மனைவி மேஜை மேல் கிடந்த பாசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.